தூண்டிலும் படகும்

1932 ஆம் ஆண்டு யூன் மாதம் 2 ஆந் திகதி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள ஜோர்ஜியா மாநிலத்தில், மொன்கொமரி ஏரி எனப்படும் நீர்நிலையில், ஜோர்ஜ் பெரி என்னும் இளம் விவசாயி ஒருவர் தூண்டிலிட்டு ஒரு மீனைப் பிடித்தார். அதன் நிறை 22 இறாத்தல் 4 அவுன்சு. பெருவாய்ப் பாஸ் என்னும் மீனினத்தில் அந்தச் சாதனை இற்றைவரை முறியடிக்கப்படவில்லை. 77 ஆண்டுகள் கழிந்த பின்னர், 2009 இல், யப்பானிலுள்ள பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் பிடித்த மீன் ஓர் அவுன்சுக்குச் சற்றுக் குறைந்த அளவினால் மேம்பட்டிருந்தது. எனினும், பழைய சாதனையை நீக்குவதற்கு வேண்டிய இரண்டு அவுன்சு வேறுபாடு அதில் இல்லாமையால், சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் இருவரையும் சமநிலையினராகவே ஏற்றுள்ளது.

பெரி அன்று ஏறிச் சென்றது கையாற் செய்த பலகைப் படகு. அவரும் அவர் நண்பரும் ஒரே தூண்டிற்கோலை மாறிமாறிப் பயன்படுத்தினர் என்று கூறப்படுகிறது. இன்று அதே மீனைத் தேடிச் செல்வோர் சிலரின் படகுகளிலோ 250 குதிரைவலு இயந்திரமும், ஒலியலைக் கருவிகளும், பத்துப் பன்னிரண்டு தூண்டிற்கோல்களும் காணப்படுகின்றன. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் பிடிக்கப் புகும் ஒருவர், இவற்றுள் எவை இன்றியமையாதன, எவை வசதியின் பொருட்டானவை, எவை வீண்பாரம் என்று பகுத்தறிவது எவ்வாறு? விலையைக் கொண்டு இதனை அறிய முடியாது. மீனின் இயல்புக்கு நூலும், நூலுக்குக் கோலும், நீர்நிலைக்குப் படகும், படகுக்கு இயந்திரமும் பொருந்துகின்றனவா என்பதே கேட்கவேண்டிய கேள்வியாகும். இப்பொருத்தம் தவறினால் சில வேளைகளில் மீன் தப்பும். சில வேளைகளில் மனிதர் தப்பாமற் போவதும் உண்டு.

முதலில் மீனின் இயல்பை அறிதல் வேண்டும். பெருவாய்ப் பாஸ், பெயரால் பாஸ் எனப்படினும், உண்மையில் சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் பேரேரிகளிலிருந்து மிசிசிப்பி ஆற்றுவடிநிலம் ஊடாகப் புளோரிடா வரையிலும், வடகிழக்கு மெக்சிக்கோ வரையிலும் அது இயற்கையாக வாழ்கிறது. அதன் மேற்றாடை கண்ணின் பின்விளிம்பையும் கடந்து நீண்டிருக்கும். இதனைக் கொண்டே சிறுவாய்ப் பாசினின்றும் அதனை வேறுபடுத்தி அறியலாம். அது இரையை நெடுந்தூரம் துரத்தும் மீனன்று. நீர்ப்பூண்டு, அமிழ்ந்த மரம், பாறையிடுக்கு, துறைமேடையின் நிழல் ஆகியவற்றில் மறைந்திருந்து, அருகே வரும் இரையைத் திடீரெனப் பாய்ந்து விழுங்கும். நீர் கலங்கியிருக்கும்போது, உடலின் இருமருங்கும் ஓடும் பக்கக்கோட்டுப் புலனால் நீரின் அதிர்வை உணர்ந்து இரையை அறியும். வசந்த காலத்தில், நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 60 பாகை பரனைற்றைத் தாண்டியதும், கரையோர ஆழமற்ற நீரில் ஆண் மீன் குழிபறித்துக் கூடமைத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் காத்து நிற்கும்.

இந்த ஒளிந்திருக்கும் இயல்பே கருவித் தெரிவின் அடிப்படையாகும். மறைவிடத்திற்கு மிக அண்மையில் இரையை இட வேண்டும். கொளுவிய மீன் மரக்கிளைக்குள்ளோ பூண்டுக்குள்ளோ புகுவதற்கு முன்னர் அதனை வெளியே இழுத்தல் வேண்டும். முன்னதற்குத் துல்லியமும் பின்னதற்கு வலுவும் தேவை. ஒரே கோல் இவ்விரண்டையும் முழுமையாகத் தருவதில்லை. அதனாலேயே அனுபவம் வாய்ந்தோர் ஒன்றுக்கு மேற்பட்ட கோல்களை எடுத்துச் செல்கின்றனர்.

நூலைச் சுற்றி வைக்கும் 'றீல்' என்னும் சுருளி இருவகைப்படும். ஒன்றில் உருளை அசையாது நிற்க, நூல் அதன் விளிம்பின்மேல் நழுவி வெளியேறும். மற்றையதில் உருளையே சுழன்று நூலை விடும். அசையா உருளைச் சுருளி கற்பதற்கு இலகுவானது. கால் அவுன்சுக்குக் குறைந்த இலேசான இரைகளை எறிவதற்கு ஏற்றது. சுழலும் உருளைச் சுருளி பாரமான இரைக்கும் தடித்த நூலுக்கும் உரியது. அமெரிக்காவில் இதன் வரலாறு 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ரக்கி மாநிலத்து மணிக்கூட்டுத் தொழிலாளர் செய்த சுருளிகளோடு ஆரம்பமாகிறது. எறிந்த இரை வேகம் குறைந்த பின்னரும் உருளை சுழன்றுகொண்டிருந்தால் நூல் பெருஞ்சிக்கலாகிவிடும் என்பதே இதன் குறை. இதனைத் தவிர்க்க, கட்டிய இரை மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் உருளை தானாக நிற்கும் அளவுக்கு அதன் திருகாணியை இறுக்கிவைத்து, எறியும்போது பெருவிரலை உருளையின்மேல் மெதுவாக வைத்திருத்தல் வேண்டும்.

நூல்கள் மூவகை. நைலோன் ஒற்றையிழை நூல் மலிவானது, இழுபட்டு நீள்வது, மெல்ல அமிழ்வது. நீளும் தன்மை, மீன் திடீரெனப் பாயும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்கும். புளோரோகாபன் நூலின் ஒளிமுறிவுக் குணகம் நைலோனினும் நீருக்கு அண்மையானது, ஆதலால் தெளிந்த நீரில் அது எளிதிற் புலப்படாது, விரைவாகவும் அமிழும். பொலியெதிலீன் இழைகளாற் பின்னப்பட்ட நூல் மிக மெல்லியதாயினும் பெருவலுவுடையது, நீளாதது, அடர்ந்த பூண்டை அறுத்துக்கொண்டு வரவல்லது. ஆயினும் தெளிந்த நீரில் மீனின் கண்ணுக்குத் தோன்றும். பாறையில் உராய்ந்தால் எளிதில் அறும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு, ஆறரை அடி முதல் ஏழு அடி வரை நீளமுடைய, நடுத்தர வலுவுள்ள ஒரு கோலும், அசையா உருளைச் சுருளியும், 8 முதல் 10 இறாத்தல் வலுவுள்ள நைலோன் நூலும் போதுமானவை. பூண்டு அடர்ந்த நீர்நிலைகளுக்குச் செல்பவர் இரண்டாவதாக, ஏழடி நீளமும் மிகுந்த வலுவுமுடைய கோலையும், சுழலும் உருளைச் சுருளியையும், 50 இறாத்தல் அளவிலான பின்னல் நூலையும் சேர்த்துக்கொள்ளலாம். கோலின் அடிப்புறத்தில் அதற்குரிய நூலின் வலுவும் இரையின் நிறையும் எழுதப்பட்டிருக்கும். அவ்வெழுத்தை வாசியாது வாங்குவோரே பின்னர் கோல் முறிந்தது என்று வருந்துவர்.

சுருளியின் தடுப்பை எவ்வளவு இறுக்குவது என்பது பலர் தவறும் இடமாகும். நூலின் வலுவில் நான்கிலொன்று முதல் மூன்றிலொன்று வரையிலான இழுவிசையில் நூல் வழுகத் தொடங்குதல் வேண்டும். 12 இறாத்தல் நூலாயின், 3 அல்லது 4 இறாத்தல் இழுவிசைக்குச் சுருளி இடங்கொடுத்தல் வேண்டும். ஒரு தராசுக் கொளுக்கியில் நூலைக் கட்டி இழுத்தே இதனைச் சோதித்துக்கொள்ளலாம். முடிச்சை இறுக்குமுன் அதனை ஈரமாக்குதலும் மறத்தற்குரியதன்று. உலர்ந்த முடிச்சு இறுகும்போது பிறக்கும் உராய்வு வெப்பம் நைலோனை நலிவுறச் செய்யும்.

இரையைப் பொறுத்தவரை, 1949 இல் ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வார்த்தெடுத்த மென்மையான பிளாஸ்ரிக் மண்புழு ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. கூம்பு வடிவான சிறு குண்டொன்றை நூலிற் கோத்து, கொளுக்கியின் கூரை அப்புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்துவிடும் முறை 'ரெக்சஸ் கட்டு' எனப்படுகிறது. கூர் வெளியே நில்லாமையால் அது பூண்டிலும் கிளையிலும் சிக்காது. மீன் கௌவி, கோல் உயர்த்தப்படும்போதே வெளிப்பட்டுத் தைக்கும். கலங்கிய நீரில் தகடு சுழன்று அதிர்வெழுப்பும் இரைகளும், தெளிந்த நீரில் சிறிய, ஓசையற்ற, இயற்கை நிறமுடைய இரைகளும் பொருந்தும். குண்டு ஈயமாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. தவறி விழுந்த சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி நீர்ப்பறவைகள் நஞ்சூட்டப்பட்டு இறப்பதால், நியூ ஹாம்சயர், மேய்ன், வெர்மொன்ற் முதலிய மாநிலங்கள் அவற்றைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தியுள்ளன. தங்குதன் குண்டு விலை கூடியதாயினும், ஈயத்திலும் அடர்த்தி மிக்கது. ஆதலால் அதே நிறையில் சிறிதாயிருக்கும்.

இனிப் படகைக் கவனிப்போருக்கு முதலில் தோன்றவேண்டியது நீர்நிலையின் பரப்பாகும். சிறிய குளத்திற்கும் அமைதியான ஆற்றுக்கும் 12 முதல் 14 அடி நீளமான, தட்டையடி அலுமினியப் படகு போதும். அது ஆழமற்ற நீரிலும் மிதக்கும். நின்று எறிவதற்கு உறுதியாக இருக்கும். ஆனால் அலை எழும்போது அடித்தளம் நீரில் மோதிக் குலுங்கும். விளிம்பைத் தாண்டி நீர் உட்புகும். அகன்ற நீர்த்தேக்கங்களுக்குக் கூரிய அடியுடைய படகே தக்கது. பாஸ் மீன்பிடிப்புக்கெனவே அமைந்த படகு 1948 இல் லூசியானா மாநிலத்தின் சிறீவ்போட் நகரில் ஹோம்ஸ் தேர்மண்ட் என்பவரால் உருவாக்கப்பட்டது. நுளம்பு எனப் பொருள்படும் 'ஸ்கீற்றர்' என்பது அதன் பெயர். இன்றைய கண்ணாடி நார்ப் பாஸ் படகுகள் அதன் வழித்தோன்றல்களே.

அமெரிக்காவில் விற்கப்படும் 20 அடிக்குக் குறைந்த சாதாரண மோட்டார்ப் படகுகளில், ஏறத்தக்க ஆட்களின் தொகை, தாங்கத்தக்க நிறை, பொருத்தத்தக்க குதிரைவலு ஆகியவற்றைக் காட்டும் தகடொன்று பதிக்கப்பட்டிருத்தல் சட்டம். தகடில்லாப் பழைய படகுக்கு ஓர் எளிய கணக்குண்டு. நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கிற் பெருக்கி 15 ஆல் வகுத்தால், அமைதியான நீரில் ஏறத்தக்க ஆட்தொகை கிடைக்கும். 14 அடி நீளமும் 5 அடி அகலமுமான படகுக்கு விடை நாலரைக்குச் சற்றே மேற்படும். ஆகவே நால்வர்க்கு மேல் ஏறலாகாது. பாரமான மின்கலங்கள், எரிபொருள், பெட்டிகள் ஆகியவை கூடும்தோறும் அத்தொகை குறையும்.

மீனிருக்கும் இடத்தை ஓசையின்றி அணுகுவதற்குச் சிறு மின்மோட்டார் உதவுகிறது. 1934 இல் வட டக்கோட்டா மாநிலத்தின் பார்கோ நகரில் ஷ்மிட் என்பவர் உருவாக்கிய இக்கருவி, இன்று பெரும்பாலும் படகின் முன்புறமாகிய அணியத்திலே பொருத்தப்படுகிறது. பின்னிருந்து தள்ளுவதினும் முன்னிருந்து இழுப்பது காற்றில் படகை நேராக வைத்திருக்கும். ஆட்களும் பொருள்களும் ஏறிய பின் படகின் முழு நிறையில், ஒவ்வொரு 100 இறாத்தலுக்கும் குறைந்தது 2 இறாத்தல் உதைப்பு வேண்டும் என்பது பொது விதி. 1,500 இறாத்தற் படகுக்கு 30 இறாத்தல் உதைப்பு ஆகக் குறைந்த அளவு. காற்று வீசும் நீர்நிலையாயின் 40 அல்லது 50 நன்று. ஏறத்தாழ 55 இறாத்தல் வரை 12 வோல்ற் மின்கலம் ஒன்றே போதும்.

அம்மின்கலம் இயந்திரத்தைத் தொடக்கும் வகையினதாய் இருத்தலாகாது. தொடக்க மின்கலம் பெரும் மின்னோட்டத்தைச் சில விநாடிகளுக்குத் தருவதற்கென அமைந்தது. நெடுநேரம் வெறுமையாக்கினால் விரைவில் பழுதுறும். ஆழமாக இறக்கத்தக்க மின்கலமே மின்மோட்டாருக்கு உரியது. 100 அம்பியர் மணி கொள்ளும் மின்கலத்திலிருந்து மோட்டார் 25 அம்பியர் பெறுமாயின் நான்கு மணிநேரம் ஓடும் என்பது ஏட்டுக்கணக்கு. ஈயவமில மின்கலத்தின் ஆயுளைக் காக்க, அதன் கொள்ளளவிற் பாதியையே பயன்படுத்தல் நன்று. ஆகவே உண்மையிற் கிடைப்பது இரண்டு மணிநேரம். திரும்பி வருவதற்கான நேரத்தையும் இதனுள் அடக்கியே கணித்தல் வேண்டும். மின்கலத்திற்கு அண்மையில், தக்க அளவுடைய மின்னறுப்பியைப் பொருத்தாவிடில், சுழலியில் பூண்டு சுற்றி மோட்டார் நின்றவுடன் கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும்.

நீரடியைக் காட்டும் ஒலியலைக் கருவி 1950 களின் பிற்பகுதி முதல் பொதுமக்கள் கைக்கு வந்தது. ஒலித்துடிப்பொன்றை நீருக்குள் அனுப்பி, அது எதிரொலித்து வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிப்பதே அதன் தொழில். ஒலி கூம்பு வடிவில் விரிந்து செல்லும். கூம்பின் கோணம் 20 பாகையாயின், 20 அடி ஆழத்தில் அது காண்பது ஏழடி விட்டமுள்ள ஒரு வட்டத்தை மாத்திரமே. கீழ்நோக்கிய அத்தகைய கருவியில் மீன் தெரியவில்லை என்பதற்காக அவ்விடத்தில் மீனில்லை என்று முடிவுகட்டுதல் தவறாகும்.

இதுவரை கூறியவை மீனைப் பெறுவதற்கானவை. மனிதர் வீடு திரும்புவதற்கானவை விலையிற் குறைந்தவை. ஆயினும் அவையே முதலிடத்திற்குரியவை. அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் கணக்குப்படி, பொழுதுபோக்குப் படகு விபத்துக்களில் நீரில் மூழ்கி இறப்போருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேற்பட்டோர் உயிர்காப்பு அங்கி அணியாதவர்களே. அங்கி படகில் இருந்தது, உடலில் இருக்கவில்லை. இருக்கையின் அடியிற் கிடக்கும் அங்கி, நீரில் விழுந்தவனுக்கு எட்டுவதில்லை. வசந்த காலத்தின் தொடக்கத்தில், காற்று இதமாயிருப்பினும் ஏரி நீர் கடுங்குளிராக இருக்கும். அதில் திடீரென விழுபவர் தம்மையறியாமலே மூச்சை உள்ளிழுப்பர்; முதல் நிமிடத்தில் மூச்சைக் கட்டுப்படுத்தவும், அடுத்த பத்து நிமிடத்திற்குள் கைகால்கள் விறைக்குமுன் படகைப் பற்றவும் அங்கியே அவகாசம் தரும்.

மணிக்கு 60 மைல் வேகத்திற் செல்லும் படகு ஒரு விநாடியில் 88 அடி கடக்கும். அவ்வேகத்தில் மிதக்கும் மரத்தில் மோதி ஓட்டுநர் தூக்கியெறியப்பட்டால், ஆளில்லாப் படகு வட்டமிட்டுத் திரும்பி வந்து, சுழலியால் அவரையே வெட்டக்கூடும். இதனைத் தடுக்க, ஓட்டுநரின் உடலோடு பிணைக்கப்பட்ட கயிறு இழுபட்டதும் இயந்திரத்தை நிறுத்தும் விசையொன்று உண்டு. 26 அடிக்குக் குறைந்த, 3 குதிரைவலு அல்லது அதற்கு மேற்பட்ட இயந்திரமுள்ள படகில் அவ்விசை பொருத்தப்பட்டிருப்பின், வேகமாகச் செல்லும்போது அதனைப் பிணைத்திருத்தல் 2021 ஏப்பிரல் முதல் அமெரிக்கக் கூட்டாட்சி நீர்நிலைகளிற் கட்டாயமாகும். இடிமுழக்கம் கேட்டதும் கரையேறுதலும் இவற்றோடு சேர்ந்தது; காபன் நாராலான கோல் மின்சாரத்தைக் கடத்துமாதலால், நீர்வெளியில் நிமிர்ந்து நிற்கும் அக்கோல் மின்னலுக்கு வழிகாட்டியாகும்.

மீனின் உயிரும் கவனத்திற்குரியது. 1967 இல் அலபாமாவைச் சேர்ந்த றே ஸ்கொட் என்பவர் பாஸ் மீன்பிடிப்போர் சங்கத்தை நிறுவினார். அவர் 1972 முதல், போட்டிகளிற் பிடித்த மீன்களை உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தைப் பரப்பினார். அதன் பயனாகவே காற்றூட்டப்பட்ட நீர்த்தொட்டி பாஸ் படகின் உறுப்பாயிற்று. நீர் வெப்பமாகும்தோறும் அதில் கரையும் ஒட்சிசன் குறையுமாதலால், கோடையில் தொட்டியின் நீரை இடையறாது புதுப்பித்தல் வேண்டும். மீனை ஈரக்கையாற் கீழ்த்தாடையிற் பற்றி, பெரிய மீனாயின் மறுகையால் வயிற்றைத் தாங்கி, விரைவில் நீரில் விடவேண்டும். பாரமான மீனைத் தாடையில் மாத்திரம் தொங்கவிடின் தாடை பழுதுறும்.

ஆயினும் இவ்வறம் இடத்துக்கு இடம் வேறுபடும். 1925 இல் யப்பானின் அசி ஏரிக்குக் கொண்டுவரப்பட்ட பெருவாய்ப் பாஸ், பின்னர் நாடெங்கும் பரவி உள்நாட்டு மீன்களை அழிக்கலாயிற்று. ஆதலால் பிவா ஏரியிற் பிடித்த பாசை மீண்டும் அதில் விடுதல் 2003 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. தன் சொந்த நீரில் காக்கப்படவேண்டிய உயிர், அயல் நீரில் அழிவு செய்கிறது.

இதன் மறுபக்கத்தில் இலங்கைக்கும் ஒரு தொடர்புண்டு. 1950 களின் தொடக்கத்தில், மீன்தொட்டிகளுக்கு அழகூட்டுவதற்கென ஐதரில்லா என்னும் நீர்ப்பூண்டு இலங்கையிலிருந்து புளோரிடாவின் தம்பா நகர வணிகர் ஒருவருக்கு அனுப்பப்பட்டது. அது அங்குள்ள கால்வாய்களிற் புகுந்து, 1960 அளவில் இயற்கை நீர்நிலைகளிற் காணப்பட்டு, பின்னர் தென் மாநிலங்களின் ஏரிகள் பலவற்றை மூடிப் படர்ந்தது. பாஸ் மீனுக்கு அது நல்ல மறைவிடம். படகுக்கும் நீர்வாய்க்காலுக்கும் பெருந்தடை. அப்பூண்டின் ஒரு சிறு துண்டு போதும், புதிய ஏரியில் வேரூன்ற. படகின் சுழலியிலும் இழுவை வண்டியிலும் ஒட்டிய துண்டுகளே அதனை ஏரிக்கு ஏரி கொண்டுசென்றன. எனவே, கரையேறியதும் படகைக் கழுவி, தொட்டியிலும் அடித்தளத்திலும் உள்ள நீரை வடித்து, முற்றாக உலரவிட்ட பின்னரே வேறொரு நீர்நிலையில் இறக்குதல் வேண்டும். வடிப்பதற்குக் கழற்றிய அடைப்பானை மறுமுறை இறக்குமுன் மாட்ட மறந்து, துறையிலேயே படகை மூழ்கவிட்டோரும் உளர். அதனைச் சாவியோடு கட்டிவைத்தல் எளிய பரிகாரம்.

புதிதாகத் தொடங்குபவர் தம் பணத்தைச் செலவிடவேண்டிய ஒழுங்கு இவற்றிலிருந்து தெளிவாகும். முதலில் உடலுக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி. அடுத்து ஒரு நல்ல கோலும் சுருளியும், ஆண்டுதோறும் மாற்றத்தக்க புதிய நூலும். அதன் பின்னர் தம் நீர்நிலைக்கு ஏற்ற படகு. அதற்குப் பின்னரே மின்மோட்டாரும் ஒலியலைக் கருவியும். புறப்படுமுன், எங்கே செல்கிறார், எப்பொழுது திரும்புவார் என்பதை வீட்டிலுள்ள ஒருவருக்குச் சொல்லிச் செல்வதற்கு எச்செலவும் இல்லை. குறித்த நேரம் கடந்த பின்னர் தேடிவருவோருக்கு அந்தச் சொல்லே வழிகாட்டும்.